கிராசிங்கில் பேசக் கூடாது

லவோன் ட்வீட்டன் இருபத்தொன்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினாள். வட டகோட்டாவின் பனியிலும் சகதியிலும் தினமும் அறுபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அத்தனை வருஷத்தில் கட்டின புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் வண்டி ஓட்டியதே இல்லை என்றால் நம்புவீர்களா? குடும்பமாக எங்கே கிளம்பினாலும் ஸ்டியரிங் ஆர்டனுக்குத்தான். அவள் பக்கத்து சீட்டில் காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன மார்ச்சில் ஆர்டனின் கண் போயிற்று. வலது கண் முழுசாக, இடது கண் பாதி. டாக்டர் ஒரே வார்த்தையில் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மனுஷன் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காது மட்டும் பிரமாதம். பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் இங்கேயிருந்து சொல்லுவான். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் கட்டிலும் குளியலறையும் உள்ளேயே இருக்கிற ஒரு வீட்டு வண்டி வாங்கிக்கொண்டு, குளிர்காலமெல்லாம் அரிசோனா வெயிலில் கிடக்க வேண்டும் என்பது இரண்டு பேரும் இருபது வருஷமாகப் பேசிவைத்த விஷயம். வீட்டை விற்றாயிற்று. நவம்பர் ஒன்றாம் தேதி சாவியைக் கொடுத்தாக வேண்டும். இப்போது அக்டோபர் இருபத்தி நாலு. வண்டிதான் இல்லை. கைக்கு எட்டினதெல்லாம் ஓட்டை, ஓட்டையில்லாததெல்லாம் கைக்கு எட்டாதது. இல்லையென்றால் என்ன வழி? ஆர்டனின் தம்பி நாரிஸின் வீட்டு அடித்தளம், தரைக்குக் கீழே ஓர் அறை. ஒரு ஜன்னல், அதுவும் புல் மட்டத்தில். நாரிஸின் மனைவி ஜானெல் அங்கே படுக்கை விரித்து, துண்டு மடித்து, செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று சீட்டு எழுதியே ஒட்டிவிட்டாள்.

லவோனுக்கு அங்கே இறங்குகிற படிக்கட்டுதான் கண்ணிலேயே நின்றது. இந்த மனுஷன் அதில் ஒரு தடவை இறங்கினால் மறுபடி ஏறி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவள் பயம் அது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் நாற்பது மைல் தள்ளி ரெய்ன்ஹோல்ட் கெட்டர்லிங் என்பவரின் வண்டி விலைக்கு வந்தது. முப்பத்தாறு அடி, டீசல், பதினாறு வயசு, காற்றழுத்தத்தில் பிடிக்கிற ஏர் பிரேக். என்ஜின் முன்னால். அவர்கள் கையில் இருந்த தொகைக்கு மேலே ஒரு படிதான் விலை. வாங்குவதென்றால் இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும், ஒருத்தர் மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். சோபாவுக்கும் அதுதான், டிராக்டருக்கும் அதுதான்.

"முன்னால என்ஜினா?" என்று நாரிஸ் ஆரம்பித்தான். கேட்காமலே கூட வந்தவன். அவனிடம் பின்னால் என்ஜின் வைத்த நாற்பதடி வண்டி இருக்கிறது. அதை வாங்கின நாளிலிருந்து உலகத்தில் மற்ற வண்டியெல்லாம் அவனுக்குத் தகர டப்பா. "அண்ணி, டீசல் என்ஜினை மடியில வச்சுக்கிட்டு ரெண்டாயிரம் மைல் போவீங்களா? கால் வெந்துரும். பக்கத்துல அண்ணன் நெஞ்சு வலின்னு கத்தினாக் கூட உங்களுக்குக் கேக்காது."

"இருபத்தொம்பது வருஷம் அந்த என்ஜின் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், நாரிஸ். கால் ரெண்டும் இருக்கு, பாத்துக்க."

"அது பஸ்ஸு. இது வீடு."

"வீட்டுல சத்தம் போடுறதுக்கு நீ இருக்கியே, என்ஜின் எதுக்கு?"

ஆர்டன் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தான், கையால் தடவிக்கொண்டே. "பெயிண்ட் உரியுது" என்றான். "டயர் பழசு" என்றான். "பின்பக்கம் ரொம்ப நீளம், திரும்பும்போது வால் எவன் மேலயாவது இடிக்கும்" என்றான். அவன் குரலில் ஒரு குற்றம் அகப்படாதா என்கிற அவசரம் இருந்தது. லவோனுக்கு அது புரியாமலா இருக்கும்? அவன் பழி சொன்னது வண்டியை அல்ல. இனி அவன் உட்கார வேண்டிய, ஸ்டியரிங் இல்லாத வலது பக்க சீட்டை.

ரெய்ன்ஹோல்ட் பாவம், வாயில்லாப் பூச்சி. மனைவிக்கு முழங்கால் போய்விட்டது, படி ஏற முடியவில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றார். வந்தவர்களுக்கு மாவு உருண்டை போட்ட உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும் கொடுத்துத்தான் வண்டியைக் காட்டினார்.

லவோன் ஒரு பையோடு வந்திருந்தாள். டார்ச், டயர் காற்று பார்க்கிற கருவி, சின்ன மரச் சுத்தியல், பாத்திர சோப்புத் தண்ணீர் நிரப்பின ஸ்ப்ரே பாட்டில்.

"என்ன அண்ணி, வண்டி வாங்க வந்தீங்களா, பாத்திரம் தேய்க்க வந்தீங்களா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் டிப்போவில் தினமும் காலை ஐந்தரை மணிக்குச் செய்ததைச் செய்தாள். முன் விளக்கிலிருந்து ஆரம்பித்து வலமாக ஒரு சுற்று. நட்டுகளைத் தட்டிப் பார்த்தாள், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், எண்ணெயை விரலில் தேய்த்து மோந்து பார்த்தாள். மூடியைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. குளிரில் திணறுவது வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாமலிருக்க முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கிற திருட்டு வேலை ரெய்ன்ஹோல்டுக்குத் தெரியாது போல. சாவியைத் திருப்பினாள். குளிரில் ஒரு முனகல், ஒரு வெள்ளைப் புகை, அப்புறம் கடகடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பழைய சிநேகிதி வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது அவளுக்கு.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

ரெய்ன்ஹோல்ட் சோபாவில், நாரிஸ் சாப்பாட்டு மேஜையில், ஆர்டன் வலது பக்க சீட்டில். உட்கார்ந்ததும் அவன் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். "மெதுவா", "பாத்து", "ஓரமா ஒருத்தன் வர்றான்" என்று வாய் ஓயவில்லை. ஓரமாக வந்தது ஒரு தபால் பெட்டி. பின்னாலிருந்து நாரிஸ், அடித்தளத்தில் ஆர்டனுக்கு எந்த மூலையில் டி.வி. வைக்கப் போகிறான் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆறு மைல் போனதும் தானியக் கிடங்குக்கு முன்னால் ஓர் ஆளில்லா லெவல் கிராசிங். இங்கேதான் அது நடந்தது.

வீட்டு வண்டி கிராசிங்கில் நிற்க வேண்டியதில்லை. ரயில் வந்தால் நிற்க வேண்டும், வராவிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். ஸ்கூல் பஸ்ஸுக்கு அப்படியில்லை. ரயில் வருகிறதோ இல்லையோ, நின்றே தீர வேண்டும். விளக்குகளை மினுக்கவிட்டு, ஹீட்டர் விசிறியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தண்டவாளத்தைத் தாண்டலாம். தண்டவாளம் தாண்டுகிறவரை பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை மூச்சு விடக் கூடாது. லவோனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. தான் எதை ஓட்டுகிறோம் என்பதே மறந்துவிட்டது. நிறுத்தினாள், மினுக்கினாள், அணைத்தாள், திறந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

"கிராசிங்! யாரும் பேசக் கூடாது!"

அடேயப்பா! நாரிஸ் பாதி வார்த்தையில் நின்றான். ரெய்ன்ஹோல்ட் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அறுபதைத் தாண்டின மூன்று ஆண்பிள்ளைகள் அப்படியே வாயடைத்துப் போனார்கள். பின்னால் ஒரு பிக்கப் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். லவோன் அசையவில்லை.

ரயில் இல்லை. ஆனால் அந்த அமைதியில், பிரேக்கில் கால் வைத்திருந்தபோது, திறந்த ஜன்னல் வழியாகப் பின்பக்கத்திலிருந்து வேறொன்று கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக. என்ஜின் சத்தத்துக்கு அடியில் இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு. அவள் கண் தானாகக் காற்றழுத்த ஊசிக்குப் போயிற்று. ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டி, கிடங்கு மைதானத்தில் ஒதுக்கி, என்ஜினை அணைத்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் ஆர்டன்.

"எங்கயோ காத்து போகுது. பிரேக் மிதிச்சா மட்டும் போகுது."

"சொன்னேனா!" நாரிஸ் துள்ளி எழுந்தான். கொஞ்ச நேரம் முன்பு வாயடைத்து உட்கார்ந்த வெட்கத்துக்கும் சேர்த்து வட்டி போட்டுப் பேசினான். "நான் அப்பவே சொன்னேன், இது தகர டப்பா. பிரேக் இல்லாத வண்டிய நம்ம தலையில கட்டப் பாத்திருக்காரு இந்த மனுஷன்!"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றார் ரெய்ன்ஹோல்ட். முகம் வெளுத்துவிட்டது. "மூணு வருஷமா ஓட்டுறேன், ஒரு தடவை கூட காதுல விழல."

"விழாது" என்றாள் லவோன். "ஓடும்போது விழாது. நின்னு, வாயை மூடிக்கிட்டுக் கேட்டாத்தான் விழும்."

ஆர்டன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். ஏழு மாசத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "சரி, முடிஞ்சுது. என் பதில் வேண்டாம்தான். வீட்டுக்குப் போவோம்."

எந்த வீட்டுக்கு? லவோனுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் ஏறியது. பிரேக் கெட்டதற்குச் சந்தோஷப்படுகிறான் இந்த மனுஷன்!

"உன் பதிலைக் கொஞ்சம் சட்டைப்பையில வை. எனக்கு உன் காது வேணும்."

"என் காதா?"

"பிரேக்கை நான் மிதிச்சுப் பிடிச்சுக்கணும். காலை எடுத்தா சத்தம் நின்னுரும். அதனால நான் இறங்க முடியாது. நாரிஸுக்கு ரெண்டு காதுலயும் மெஷினு. ரெய்ன்ஹோல்டுக்கு மூணு வருஷமா கேக்கல. மிச்சம் நீதான்."

ஆர்டன் உட்கார்ந்தே இருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஆசைதான். ஆனால் உன் கண் போயிற்று, உன்னால் ஆகாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஏழு மாசத்துக்கு அப்புறம் ஒருத்தி உன்னால்தான் ஆகும் என்று சொல்கிறாள். எத்தனை நேரம் வீம்பு பிடிக்க முடியும்? கதவைத் திறந்து, கைப்பிடியைத் தடவி, இறங்கினான்.

ரெய்ன்ஹோல்ட் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார். லவோன் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஊசியையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் மூன்று புள்ளிக்கு மேல் இறங்கக் கூடாது. எட்டு இறங்கியது. பக்கக் கண்ணாடியில் ஆர்டன் தெரிந்தான். இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இங்க இல்ல" என்றது அவன் குரல். "இன்னும் உள்ள. நாரிஸ், மூச்சு வாங்காம நில்லுடா, எருமை மாதிரி இரையிற. ம்... மேல. ரெய்ன்ஹோல்ட், அந்த ரப்பர் குழாய் வளையுற இடத்துல சோப்புத் தண்ணி அடிங்க. அங்க இல்லைங்க, ரெண்டு விரக்கடை தள்ளி."

ஸ்ப்ரே சத்தம் கேட்டது. அடுத்த நொடி ரெய்ன்ஹோல்ட் சின்னப் பிள்ளை போலக் கூவினார்.

"நுரை வருது! நுரை வருதுங்க!"

குழாய் இரும்புச் சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்து, ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து சோப்பு நுரை குமிழ் குமிழாக ஊதிக்கொண்டிருந்தது. லவோன் இறங்கி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பஸ்ஸில் இதே இடத்தில் இதே ஓட்டையை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து டாலர் குழாய், அரை மணி நேர வேலை.

"ஆமா, இன்னிக்கு இந்தக் குழாய். நாளைக்கு?" என்றான் நாரிஸ்.

"நாளைக்கும் கேட்டுருவோம்" என்றான் ஆர்டன்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. முழங்கால் மண்ணைத் தட்டுவது போலக் குனிந்துகொண்டான். லவோன் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டாள். இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

வண்டியை அங்கேயே விட்டார்கள். ஃபோன் போட்டதும் நாரிஸின் மனைவி ஜானெல்தான் காரில் வந்து ரெய்ன்ஹோல்டை டவுனுக்கு அழைத்துப்போய்க் குழாய் வாங்கி வந்தாள். குழாயை மாட்டினது லவோன். ஆர்டன் வண்டியில் கிடந்த ஸ்பேனர்களைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்லி எடுத்துக் கொடுத்தான். மறுபடி பிரேக்கை மிதித்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஊசி ஒட்டிவைத்த மாதிரி நின்றது. ரெய்ன்ஹோல்ட், உங்களால் என் மனைவியும் நானும் உயிர் பிழைத்தோம் என்று சொன்னார். கேட்காமலே விலையை அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறக்கினார். ரெய்ன்ஹோல்டுக்கு வாயில்லை என்று சொன்னேனே, மனசு இருந்தது.

இனி ஆர்டன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பேசாமல் ஏறி வலது பக்க சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். லவோனும் கேட்கவில்லை. ரெய்ன்ஹோல்ட் வீட்டு வாசலுக்கு ஆறு மைல். அங்கே போய் இறங்கினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வண்டி மைதானத்தை விட்டுத் திரும்பியது. லவோன் வால் பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி, கிடங்குக் கம்பத்துக்கு ஒரு முழம் விட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திருப்பினாள். ஆர்டன் கால் இந்தத் தடவை பிரேக்கைத் தேடவில்லை. என்ஜின் இரைந்தது. நாரிஸ் அதற்கு மேல் இரைந்தான்.

"அண்ணே, நல்லா யோசிச்சுக்க. நம்ம வீட்டுல கீழ ஹீட்டர் இருக்கு, டி.வி. இருக்கு, ஜானெல் சூடா சமைச்சுப் போடுவா. இந்த அரிசோனா கிரிசோனாவெல்லாம் உனக்கு எதுக்கு? கண்ணும் சரியில்லாம, பொம்பளை ஓட்டுற வண்டியில உக்காந்துக்கிட்டு..."

லவோன் பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் கிராசிங் வந்துவிட்டது. இந்தத் தடவை தெரிந்தேதான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து இடி இடித்தது.

"நாரிஸ்! வாயை மூடு! கிராசிங்!"

வண்டி நின்றது. ஆர்டன் கையை நீட்டித் தடவி ஹீட்டர் விசிறியை அணைத்தான். தன் பக்கத்து ஜன்னலை முழுசாக இறக்கினான். குளிர்காற்று சாட்டையாக உள்ளே அடித்தது. அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, தலையை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வெகு தூரம் வரைக்கும் கேட்டான். லவோன் தன் பக்கம் கேட்டாள். பின்னால் நாரிஸ் என்கிற ஒருவன் இருப்பதாகவே தெரியவில்லை. காற்று ஒழுகும் சத்தம் இல்லை. ரயில் சத்தம் இல்லை.

"என் பக்கம் ஒண்ணும் இல்ல" என்றான் ஆர்டன். தலையை உள்ளே இழுத்து அவள் பக்கம் திரும்பினான். அவள் முகம் அவனுக்குச் சரியாகத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் போனதே நல்லது, அவள் முகம் முழுக்கக் கண்ணீர். "போ, லவோன்."

"எங்க போகட்டும்?"

"அரிசோனாவுக்குத்தான். வேற எங்க?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். மடியில் இருப்பதாக நாரிஸ் பழித்த அந்த என்ஜின் ஓங்கி முழங்கியது, வண்டி தண்டவாளத்தின் மேல் தடதடவென்று ஏறி இறங்கியது. ரெய்ன்ஹோல்ட் கைதட்டினார். ஆர்டன் அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு பாட்டுக் கூட முனகினான், சுருதி சேரவில்லை, யாருக்கும் கவலையும் இல்லை.

ரெய்ன்ஹோல்ட் வாசலில் வண்டியை நிறுத்தினதும் அவரும் ஆர்டனும் கையெழுத்துப் போட உள்ளே போனார்கள். லவோன் உடனே இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்பில் என்ஜினை அணைத்ததும் பஸ்ஸின் கோடி வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும், எந்தப் பிள்ளையாவது சீட்டில் தூங்கிப்போயிருக்கும். அதுவும் இருபத்தொன்பது வருஷப் பழக்கம். அடுப்பைத் தாண்டி, குளியலறையைத் தாண்டி, கடைசியில் படுக்கையறை வரைக்கும் நடந்தாள். கட்டில் ஓரத்தில் நாரிஸ் உட்கார்ந்திருந்தான். உதட்டை இறுக்கி மூடியிருந்தான்.

"இப்ப பேசலாமா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பேசலாம். முதல்ல ஜானெலுக்கு ஃபோன் போட்டு, செருப்புச் சீட்டைக் கிழிக்கச் சொல்லு" என்றாள் லவோன். "அப்புறம் இறங்கு. இது என் வீடு."